பாட்டி வீட்டில் விட்டுப் போங்கள்

தை பிறந்துவிட்டால் என் வகுப்பில் ஆள் குறையத் தொடங்கும். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாமன் வீட்டுக்குப் போன பிள்ளை, தை 5ஆம் நாள் பெண்ணையாற்றில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவைப் பார்க்காமல் திரும்பாது. சாமிகளெல்லாம் தீர்த்தவாரி முடிந்து கரையேறிய பிறகு, கையில் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடியோடும் ஊதலோடும் ஒவ்வொன்றாக வந்து சேரும். அதற்கும் பிறகு வராத பிள்ளை செங்கல் சூளைக்குப் போன பிள்ளை. இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே பால்வாடி நடத்திய அக்கா. ஆசிரியர் பயிற்சியில் இதெல்லாம் பாடத்தில் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கரையாம்புத்தூர்ப் பக்கத்து அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு மாற்றலாகி வந்தேன். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கரையாம்புத்தூர் என்றால் பஸ் பலகையில் பார்த்த பெயர், அவ்வளவுதான். பாகூர் வட்டத்தின் மேற்கு ஓரம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை எப்படி ஓடுகிறது என்பதை இந்தப் பக்கம் வந்து பார்த்தால்தான் புரியும். ஒரு வயல் புதுச்சேரி, வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. சொர்ணாவூர் தமிழ்நாடு. ஆனால் அங்கே உள்ள அணைக்கட்டில் பிரிகிற பங்காரு வாய்க்கால்தான் எங்கள் பாகூர் ஏரியை நிரப்புகிறது. நெல், கரும்பு, சவுக்கு எல்லாம் உண்டு. ஆற்றோரத்து மண் செங்கலுக்கும் தோதானது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சூளைகள் இருந்தன. அங்கே கல் அறுத்துக் கைத்தேர்ச்சி பெற்ற குடும்பங்களைச் செங்கல்பட்டு, திருவள்ளூர் வரைக்கும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

அதுவரை பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவது என்றால் எனக்குத் தெரிந்தது டீக்கடையில் கிளாஸ் கழுவும் பையனும், நகரத்தில் வீட்டு வேலைக்கு நிற்கும் பெண்ணும்தான். யாரோ ஒருவர் அனுப்புகிறார், யாரோ ஒருவர் வேலை வாங்குகிறார். அங்கே கேள்வி கேட்க ஒரு முதலாளியாவது இருக்கிறார். சூளையில் அப்படி இல்லை. பிள்ளையை யாரும் அனுப்புவதில்லை. குடும்பம் போகிறது, பாத்திரம் பண்டத்தோடு பிள்ளையும் போகிறது.

அதன் தொடக்கம் தையில் இல்லை, அதற்கு முந்தைய ஆடியிலோ தீபாவளியிலோ இருக்கிறது. நடவு முடிந்து வேலை இல்லாத நாளில், மழையில் கூரை ஒழுகும்போது, ஒரு கல்யாணத்துக்கோ சாவுக்கோ பணம் தேவைப்படும்போது மேஸ்திரி வீடு தேடி வருவார். பேங்கு கொடுக்காத, சொந்தக்காரன் கொடுக்காத பணத்தை எந்தக் கையெழுத்தும் இல்லாமல் கொடுப்பார். அதற்கு அட்வான்ஸ் என்று பெயர். தை முதல் ஆனி வரை ஆறு மாதம் புருசனும் பெண்டாட்டியும் கல் அறுத்துக் கழிக்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாரா வாரம் செலவுக்கு ஒரு தொகை. மீதியை ஆனியில் கணக்கு முடிக்கும்போது பார்ப்பார்கள். கணக்கு முடிந்து கையில் பணத்தோடு வந்தவர்களும் உண்டு. பாக்கி விழுந்து அடுத்த தைக்கும் வாக்குக் கொடுத்து வந்தவர்களே அதிகம். அப்பா குடிக்கிறார், அதனால்தான் இந்த நிலை என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கம் சாராயக் கடைக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் ஒரு சொட்டுக் குடிக்காத வீட்டுப் பிள்ளையும் தையில் போய்விடுகிறதே என்று கேட்டால் பதில் வராது.

நான் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் இருந்தாள். கணக்கில் சூடு. தை போய் மாசி வந்தும் அவளைக் காணோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்வாடி அக்காவையும் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி அவள் குடும்பம் இருந்த சூளைக்குப் போனேன். குனிந்து நுழைய வேண்டிய கொட்டகைகள் வரிசையாக இருந்தன. எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் ஈரக்கல். விடியற்காலை ஒரு மணிக்கெல்லாம் எழுந்து மண் மிதித்துக் கல் அறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறிய பிறகு கொஞ்சம் ஓய்வு, சாயங்காலம் மறுநாளைக்கு மண் வெட்டித் தண்ணீர் விட வேண்டும். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் பன்னிரண்டு பஞ்சாலைத் தொழிலாளிகள் பிரெஞ்சுப் போலீஸின் துப்பாக்கிச் சூட்டில் செத்து, அதன் பலனாக எட்டு மணி நேர வேலை சட்டமானது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தால் பிள்ளைகள் எழுதி மார்க்கும் வாங்கும். அவர்கள் செத்த இடத்திலிருந்து சில மைல் தூரத்தில் எட்டு வயதுப் பிள்ளையின் நாள் ஒரு மணிக்குத் தொடங்கிக்கொண்டிருந்தது.

கல் காய வேண்டுமானால் அதைத் திருப்பிப் போட வேண்டும். பாதி காய்ந்த கல்லை ஒருக்களித்து நிறுத்தி, மறுபக்கம் வெயில் படச் செய்ய வேண்டும். வரிசைக்கு நடுவில் நடக்கப் பெரியவர்கள் கால் வைத்தால் ஓரம் நசுங்கிவிடும். பிள்ளைகள் கால் சின்னது, உடம்பும் லேசு. அதனால் திருப்புகிற வேலை தானாகவே பிள்ளைகள் வேலையாகிவிடுகிறது. அவள் இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு ஒரு கையால் திருப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒளிந்துகொள்வாள் என்று நினைத்தேன். நேரே ஓடி வந்தாள்.

“டீச்சர், வாய்ப்பாடு எத்தனாவது வரைக்கும் வந்துட்டீங்க?”

மேஸ்திரி மரியாதையானவர். டீ வரவழைத்தார். “நாங்க யாரையும் வேலைக்கு வைக்கலீங்க டீச்சரம்மா. அப்பா அம்மாகூட இருக்குது. சும்மா கூடமாட.” அவர் பொய் சொல்லவில்லை. எந்தப் பேரேட்டிலும் அவள் பெயர் கிடையாது. கூலி அப்பா பெயரில் ஆயிரம் கல் கணக்கில் போகிறது. அந்த ஆயிரத்தில் அவள் திருப்பியது எத்தனை என்று யார் சொல்வது? அவளுடைய அப்பாதான் சொன்னார், அதுவும் ஒளிக்காமல்: “பாப்பா திருப்பிப் போட்டு, சின்னவனையும் பாத்துக்கினா, எங்க ரெண்டு பேருக்கும் கை ஓயாது. ஒரு நாளைக்கு நூறு நூத்தம்பது கல் கூட வரும். இல்லைன்னா ஆனியில கணக்கு முடியாது.”

திரும்பி வரும் வழியில் நான் சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. 1996 டிசம்பர் 10 அன்று சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகள் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் ஒரு பிள்ளையை வைத்திருந்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பதிலாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை காட்ட வேண்டும், முடியாவிட்டால் அரசும் 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தப் பணத்தின் வட்டி, பிள்ளை பள்ளிக்குப் போகிற வரைக்கும் குடும்பத்துக்கு. இன்றைக்கும் அதை நல்ல தீர்ப்பு என்றே சொல்வேன். பிள்ளையை மட்டும் பிடுங்கி எடுத்தால் போதாது, வீட்டுக் கணக்கில் விழும் பள்ளத்தையும் நிரப்ப வேண்டும் என்று அந்த நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் எங்கள் சூளையில் 20,000 கட்ட முதலாளி எங்கே? பிள்ளையின் முதலாளி அவளுடைய அப்பாதான். போதாததற்குப் பிள்ளையின் ரேஷன் கார்டு புதுச்சேரி, சூளை தமிழ்நாடு. இங்கே கேட்டால் அங்கே என்பார்கள், அங்கே கேட்டால் உங்கள் ஊர்ப் பிள்ளை என்பார்கள்.

பால்வாடி அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்தப் பொண்ணோட பாட்டி ஊர்லதானே இருக்குது?”

எனக்கு அது தோன்றவே இல்லை. குடும்பம் முழுக்கப் போகிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். முழுக்கப் போவதில்லை. கல் அறுக்க முடியாத கிழவி ஊரில்தான் இருக்கிறாள். ஆடு இரண்டு இருக்கும், ஒழுகுகிற வீடு இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்தப் பாட்டியிடம் பிள்ளையை விட்டுப் போனால் என்ன?

பாட்டியிடம் போய் நான் பெரிதாகப் படிப்பின் அருமையைப் பேசினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். பிறகு ஒரு கணக்குச் சொன்னார். “பேத்தி இருந்தா எனக்கும் துணைதான் டீச்சரம்மா. சோறு? ரேஷன் அரிசி பத்து நாளைக்கு வரும். எண்ணெய், சோப்பு, காய்ச்சல் வந்தா டாக்டரு. ராத்திரியில எனக்குக் கண்ணு தெரியாது. நாளைக்கு இவ வயசுக்கு வந்துட்டா, அவ ஆத்தா இல்லாம நான் என்னா பண்றது? எதனா ஒண்ணு ஆனா எம்புள்ளைக்கு நான் என்னா பதில் சொல்றது?” படிப்பு வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு என்று மேடையில் பேசுகிறவர்களில் எத்தனை பேர் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். ஜூன் 12 உலகக் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளுக்கு ஊர்வலம் விடுவோம். தட்டி பிடித்துக் கோஷம் போடுகிற பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கு ஒழுங்காக வருகிற பிள்ளைகள். கோஷம் யாருக்கோ, அவர்கள் அன்றைக்குச் சூளையில் கணக்கு முடிக்க நின்றுகொண்டிருப்பார்கள்.

பாட்டியின் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் தேட வேண்டியிருந்தது. மதியச் சோறு பள்ளியில் இருந்தது. அதில் எங்கள் ஊர் கொஞ்சம் முந்திக்கொண்ட ஊர். தமிழ்நாட்டில் காமராஜர் 1956-இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்ததை எல்லோரும் சொல்வார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே பள்ளியில் மதிய உணவு போட்டது. பிற்பாடு காலையில் பாலும் வந்தது. அந்தப் பால் வந்த பிறகு காலை மணிக்கு வருகிற பிள்ளைகள் கூடியதை நானே பார்த்திருக்கிறேன். முதல் பாடவேளையில் வயிற்று வலி என்று படுக்கிற பிள்ளைகளும் குறைந்தார்கள். இடுப்பில் இருந்த தம்பிக்குப் பால்வாடி இருந்தது. அவனைப் பாட்டியோடு விட்டால் பகலில் அக்காவே பார்த்துக்கொள்வார். தம்பியை ஏற்காத பள்ளியால் அந்தப் பெண்ணையும் ஏற்க முடியாது. மூத்த பெண் பள்ளியில் உட்கார வேண்டுமானால் கைக்குழந்தைக்கு ஓர் இடம் வேண்டும். கல்வித் துறை ஒரு பக்கமும் பால்வாடியைப் பார்க்கிற மகளிர், குழந்தைகள் துறை வேறு பக்கமும் இருப்பதால் இந்தச் சின்ன உண்மை எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

மிச்சம் இருந்தது எண்ணெய், சோப்பு, காய்ச்சல். அதற்கு முதியோர் உதவித்தொகை. புதுச்சேரியில் அது பக்கத்து மாநிலத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே இருந்து வந்திருக்கிறது. ஆனால் பாட்டிக்கு அது கிடைக்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ரேஷன் கார்டில் பாட்டிக்கு நாற்பத்தைந்து வயது. அதே கார்டில் அவருடைய மூத்த மகனுக்கு நாற்பது. ஐந்து வயதில் பிள்ளை பெற்றவரா என்று அலுவலகத்தில் கேட்டேன். கார்டில் உள்ளபடிதான் எடுத்துக்கொள்ள முடியும் என்றார்கள். அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கி, மறுபடி விண்ணப்பம் போட்டு, அதில் ஒரு கையெழுத்து விட்டுப்போய், திரும்ப அலைந்து, கடைசியில் கிடைத்தது. அதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிட்டது. அந்தத் தையில் அவள் அப்பாவும் அம்மாவும் மட்டும் சூளைக்குப் போனார்கள்.

இதைக் கதையின் வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனியில் திரும்பி வந்த அப்பாவுக்குப் பாக்கி விழுந்திருந்தது. “நீங்க சொன்னீங்கன்னு விட்டுட்டுப் போனேன், கடன் ஏறிப்போச்சு” என்று தெருவில் நின்று சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. கல் குறைந்தது, கூலி குறைந்தது. பாட்டிக்கு வந்த உதவித்தொகை பாட்டியிடம் வந்தது, அவருடைய பாக்கிக்குப் போகவில்லை. அதனால்தான் அது பிள்ளைக்கு உதவியது என்பதும் உண்மை. மே மாத விடுமுறையில் அவள் சூளைக்குப் போய்க் கல் திருப்பிவிட்டுத்தான் வந்தாள். அதை யாரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்தாள், ஆறாவதுக்கும் போனாள்.

மெல்ல இன்னும் சில வீடுகள் பாட்டியிடம் விட்டுப் போகத் தொடங்கின. இதற்கு எந்தத் திட்டத்தின் பெயரும் கிடையாது. பால்வாடி அக்கா மார்கழியிலேயே வீடு வீடாகப் போய், யார் யார் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார்கள், யார் வீட்டில் பாட்டி இருக்கிறார், பாட்டிக்குப் பென்சன் வருகிறதா என்று விசாரித்துவிடுவார். “பாட்டி வீட்டில் விட்டுப் போங்கள்” என்று நாங்கள் சொல்கிறபோது, பாட்டிக்கு என்ன கிடைக்கும் என்பதையும் கையோடு சொல்ல முடிந்தது. ஆனால் எல்லாம் ஒரு கிழவியின் உயிரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் பங்குனியில் பாட்டி இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அண்ணனும் தங்கையும் அப்பா அம்மாவோடு சூளைக்குப் போய்விட்டார்கள். முழுப் பரீட்சைக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் இருந்தது. விடுதி ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் என்று பேசிக்கொண்டோம். அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் விடுதி இல்லை.

அப்போதைய ஆந்திரத்தில் ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்ஹாவும் எம்.வி. பவுண்டேஷனும் செய்ததைப் பற்றிக் கேள்விப்பட்டது இந்தக் காலத்தில்தான். பள்ளிக்கு வராத பிள்ளை எதுவாக இருந்தாலும் அது உழைக்கிற பிள்ளைதான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வயல் வேலையிலும் வீட்டு வேலையிலும் இருந்த பிள்ளைகளை முகாம்களில் தங்கவைத்து, சில மாதங்களில் வயதுக்கேற்ற வகுப்புக்குத் தயார் செய்து பள்ளியில் சேர்த்தார்கள். 2003-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்பது 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்றது. அதைப் படித்தபோது ஒரு நிம்மதி. அதுவரை ஆனியில் திரும்பி வருகிற ஒன்பது வயதுப் பையனை மறுபடி இரண்டாம் வகுப்பிலேயே உட்காரவைத்துக்கொண்டிருந்தோம். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, பத்திரிகை ஒன்றில் எஸ்தர் டுஃப்ளோ என்ற பொருளியலாளரைப் பற்றிப் படித்தேன். 2019-இல் நோபல் வாங்கியவர். தென்னாப்பிரிக்காவில் முதியோர் பென்சன் பாட்டி கையில் போகிற வீடுகளில் பேத்திகளின் உடல்நலம் தேறியது, தாத்தா கையில் போனால் அந்த மாற்றம் தெரியவில்லை என்று 2003-இல் எழுதியிருக்கிறார். அதே நாட்டில், வீட்டுப் பெரியவருக்குப் பென்சன் வரத் தொடங்கியதும் பிள்ளைகள் வேலை செய்கிற நேரம் குறைந்து பள்ளிக்குப் போவது கூடுகிறது என்று எரிக் எட்மண்ட்ஸ் என்ற இன்னொருவர் காட்டியிருக்கிறார். மெக்சிகோவில் 1997-லேயே பிள்ளையின் வருகையைப் பார்த்து அம்மா கையில் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். பால்வாடி அக்காவுக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். “இதுக்கு அவ்ளோ தூரம் போய்ப் பாக்கணுமா?” என்று கேட்டார்.

பாட்டி இருந்தும், எல்லாம் இருந்தும் உள்ளே வர முடியாதவர்கள் இருளர் பிள்ளைகள். கரும்பு வெட்டுக்கும், சூளைக்கும், ஏரி மீனுக்கும், வாத்து மேய்க்கவும் போகிற குடும்பங்கள். புதுச்சேரியில் அவர்கள் பழங்குடி என்பதே 2016 இறுதி வரைக்கும் அரசு ஏட்டில் இல்லை. தமிழ்நாட்டில் இருளர் பழங்குடி, வரப்பைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தால் அப்போது இல்லை. சாதிச் சான்று இல்லை என்பதால் உதவித்தொகை இல்லை, விடுதியில் இடம் இல்லை, மேலே படித்தால் ஒதுக்கீடும் இல்லை. பிள்ளை படித்து என்ன ஆகப்போகிறது என்று அவர்கள் கேட்டபோது சொல்வதற்கு எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. எல்லைக்கு அப்பால் திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி போன்றவர்கள் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் வைத்து, சான்றுக்காகவும் கொத்தடிமை மீட்புக்காகவும் பல ஆண்டு போராடியிருக்கிறார்கள். அந்தச் சங்கத்தின் காற்று எங்கள் பக்கமும் வீசியது என்பதைச் சொல்ல வேண்டும்.

2020-இன் பிற்பகுதியில் வில்லியனூர் வட்டாரத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. வாத்து மேய்க்கக் கொத்தடிமையாக வைக்கப்பட்டிருந்த சிறுமிகளைக் குழந்தைகள் நலக் குழு மீட்டது. பெற்றோர் வாங்கியிருந்தது சில ஆயிரம் ரூபாய். அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே நடந்த கொடுமையை எழுதக் கை வரவில்லை. போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிவாகிப் பலர் கைதானார்கள். தெருவெல்லாம் அதையே பேசியது. கொத்தடிமை முறை 1976-லேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஒழிந்த ஒன்று நகரத்திலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் எப்படி இருந்தது என்று டீக்கடையில் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அட்வான்ஸ் என்கிற அந்தச் சொல் எங்கள் ஊரில் தினமும் காதில் விழுகிற சொல். சூளைக்குக் குடும்பத்தோடு போன பிள்ளைக்கும் வாத்தோடு தனியாகப் போன பிள்ளைக்கும் நடுவில் இருந்தது பெற்றவர்களின் கண்பார்வை ஒன்றுதான். அது கொரோனாக் காலம். பள்ளி பூட்டிக் கிடந்தது. வருகைப் பதிவேடு இல்லாத காலத்தில் ஒரு பிள்ளை எங்கே என்று கேட்கிற ஆளும் இல்லாமல் போனது.

புயலும் இப்படித்தான் பிள்ளைகளை வாரிக்கொண்டு போகும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. கூரை போன வீடெல்லாம் அந்தத் தையில் அட்வான்ஸ் வாங்கியது. நிவாரணத் தொகை கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பல பேர் வாங்கியிருக்க மாட்டார்கள்.

பதினான்கு வயதுக்கு மேல் வேறு கதை. கல்வி உரிமைச் சட்டம் அங்கே நின்றுவிடுகிறது. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தார்கள். ஒரு ரூபாய் கொடுத்தால் ஏற்றிக்கொண்ட மாணவர் பஸ்ஸும் சைக்கிளும் அதற்கு ஒரு காரணம். மேல்நிலைப் பள்ளி தூரத்தில் இருந்தால் பெண்ணை நிறுத்துகிற வீடு, பஸ் வந்த பிறகு அனுப்பியது. பையன்கள்தான் நழுவினார்கள். ராத்திரியில் ஆற்று மணல் அள்ளுகிற மாட்டு வண்டிக்குத் துணை ஆளாகப் போனால் விடிவதற்குள் காசு. பத்தாம் வகுப்பில் தூங்கி வழிகிற பையனைக் கேட்டால், என் சம்பளத்தை விசாரித்துவிட்டு, “நான் மூணு ராத்திரியில சம்பாரிச்சுடுவேன் டீச்சர்” என்பான். மிகைதான். ஆனால் அவனை எதைச் சொல்லி உட்காரவைப்பது என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. பாட்டி பேச்சு எடுபடாத வயது அது.

எங்கள் பாகூருக்குப் படிப்பில் பழைய பெருமை உண்டு. பல்லவன் நிருபதுங்கன் காலத்து, 9ஆம் நூற்றாண்டுப் பாகூர்ச் செப்பேடு, அங்கே இருந்த வித்தியாஸ்தானத்தின் செலவுக்கு மூன்று ஊர்களின் வருவாயை எழுதிவைத்ததைச் சொல்கிறது. படிக்கிறவனுக்குச் சோறு போட்டால்தான் படிப்பு நடக்கும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அந்தச் சோறு யாருக்குப் போனது, அதற்கான நெல்லை யாருடைய பிள்ளை அறுத்தது என்பதைச் செப்பேடு எழுதவில்லை. ஆண்டு விழாவில் யாராவது இந்தப் பெருமையைப் பேசும்போது எனக்கு மண் மிதித்துக்கொண்டிருந்த அந்தக் குடும்பம்தான் நினைவுக்கு வரும்.

கல்லைத் திருப்பிப் போட்ட அந்தப் பெண் பன்னிரண்டாவது வரை படித்தாள். அதற்கு மேல் கல்யாணம். இப்போது அவளுக்கே பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இடுப்பில் இருந்த அந்தத் தம்பி ஐ.டி.ஐ. முடித்து, திருபுவனைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறான். போன மாதம் ஒரு கவரோடு வீட்டுக்கு வந்தான். அவர்களுடைய சித்தப்பா மகளும் அவள் புருசனும் இந்தத் தையில் சூளைக்குப் போகிறார்கள். இரண்டு பிள்ளைகளையும் தன் அம்மாவிடம் விட்டுப் போகட்டும் என்று இவன் பேசி முடித்துவிட்டான். அம்மாவுக்கும் இப்போது கல் அறுக்க முடியவில்லை, முட்டி போய்விட்டது. ஆகவே பென்சனுக்கு எழுத வேண்டும்.

கவரில் இருந்ததை மேஜையில் பரப்பினோம். ஆதாரில் ஒரு பிறந்த ஆண்டு, வாக்காளர் அட்டையில் இன்னொன்று, ரேஷன் கார்டில் இரண்டும் இல்லாத மூன்றாவது. தேதி மட்டும் ஆதாரில் ஜனவரி 1. எங்கள் பக்கத்துப் பெரியவர்களில் பாதிப்பேர் ஜனவரி 1-இல்தான் பிறந்திருக்கிறார்கள். முதலில் ஆதாரைத் திருத்துவதா, மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்குவதா என்று பால்வாடி அக்காவைக் கேட்டோம். ஓய்வு பெற்றாலும் இதில் அவர் சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம். சான்றை முதலில் வாங்குங்கள், திங்கட்கிழமை கூட்டம் இருக்கும், செவ்வாய்க்கிழமை போங்கள் என்றார். அவனுக்குச் செவ்வாய்க்கிழமை ஷிப்ட். அதனால் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் போகிறேன்.